டிராயிங் திறக்க ஏழு நிமிடம்: இணைய பிளானை மாற்றினால் தீருமா?

வாசகர் கேள்வி:

ஐயா, சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஆட்டோகேட் என்ற மென்பொருளில் வரைபடம் வரையும் டிராஃப்டிங் வேலை பார்க்கிறேன். குழந்தை பிறந்த பிறகு, திருநெல்வேலியில் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப் அலுவலகம் தந்தது, 32 ஜிபி ராம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஆனால் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு, அலுவலக சர்வரில் இருக்கும் இசட் டிரைவிலிருந்து ஒரு டிராயிங்கைத் திறந்தால் ஆறு ஏழு நிமிடம் ஆகிறது. இதே ஃபைல் அலுவலகத்தில் பதினைந்து வினாடியில் திறக்கும். சேவ் கொடுத்தால் திரை வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்கிறது. அப்படியே மூடிக்கொண்டு வேலை முழுவதும் போனதும் உண்டு. ஐடி பார்க்கும் தம்பி, “உங்க வீட்டு நெட்தான் ஸ்லோ, 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாத்துங்க” என்கிறார். மேனேஜர், “இது சரிவராது போலிருக்கே, சென்னைக்கே வந்துருங்களேன்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பிளானை மாற்றினால் சரியாகுமா? அடுத்து, கட்டடத்தை 3டி மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில் ஒரு ப்ராஜெக்ட் வேறு வரப்போகிறது.

பதில்:

பிளானை மாற்றாதீர்கள். மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவீர்கள். டிராயிங் அதே ஏழு நிமிடத்தில்தான் திறக்கும். சென்னைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் லேப்டாப்பிலும் கோளாறு இல்லை, வீட்டு இணைப்பிலும் அநேகமாகக் கோளாறு இல்லை. வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யலாம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து விபிஎன் வழியாக இசட் டிரைவில் நேரடியாக சேவ் செய்வதை நிறுத்துங்கள். ஆட்டோகேட் சேவ் செய்யும்போது ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பழையதை பேக் (.bak) என்ற காப்பு ஃபைலாகப் பெயர் மாற்றி, புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது விபிஎன் ஒரு கணம் அறுந்தால் போதும், ஃபைல் பாதியில் நின்றுவிடலாம். இதற்கு முன் போன வேலையிலும் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். ஆட்டோகேட்டின் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஃபைல்ஸ் பகுதியைத் திறந்தால் ஆட்டோமேட்டிக் சேவ் ஃபைல் எங்கே போகிறது என்று தெரியும். அந்த ஃபோல்டரில் ‘எஸ்வி டாலர்’ என்று முடியும் ஃபைல்கள் இருந்தால், அவற்றை நகலெடுத்து, நகலின் வாலை ‘டிடபிள்யூஜி’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். அந்த ஃபோல்டரே சர்வரில் இருப்பதாகக் காட்டினால், உடனே உங்கள் லேப்டாப்பில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். சில அலுவலகங்களில் எல்லா கணினிக்கும் ஒரே செட்டிங்கைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அலுவலகத்துக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு டிராயிங்கும் சென்னைக்குப் பயணம் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது அந்த ஏழு நிமிடம் எங்கே போகிறது என்று பார்ப்போம். உங்கள் டிராயிங்கும் அதன் எக்ஸ்ரெஃப்களும் (அதோடு இணைத்திருக்கும் மற்ற டிராயிங்குகள்) சேர்ந்து 100 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 12.5 எம்பி. கணக்குப்படி மொத்தமும் எட்டு வினாடியில் வந்து சேர வேண்டும். 300 எம்பிபிஎஸ் ஆக்கினால் மூன்று வினாடியில் வரும். ஆக, பிளானை மாற்றி நீங்கள் மிச்சப்படுத்துவது ஐந்து வினாடி. ஏழு நிமிடத்தில் மீதி எல்லாம் வேறு எங்கோ போகிறது.

அது போவது காத்திருப்பில். ஆட்டோகேட் ஒரு டிராயிங்கை மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவதில்லை. ஃபைல் இருக்கிறதா என்று கேட்கும், பதில் வரும். வேறு யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா, பதில். முதல் துண்டைக் கொடு, பதில். இந்த எக்ஸ்ரெஃப் எந்த ஃபோல்டரில், இந்த எழுத்துரு எங்கே, அச்செடுக்கும் விதத்தைச் சொல்லும் இந்த பிளாட் ஸ்டைல் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். கேள்விகளில் பெரும்பகுதி, முந்தைய பதில் வந்த பிறகே கிளம்பும். விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை மனதில் வைத்து வளர்ந்தது. இந்தக் கேள்வி பதில் அதன் சுபாவம். மளிகைக் கடையில் பட்டியலைக் கொடுத்து மொத்தமாக வாங்காமல், புளிக்கு ஒருமுறை, மிளகாய்க்கு ஒருமுறை என்று போய்வருவது போல. கடை பக்கத்து வாசலில் இருந்தால் தெரியாது; அடுத்த ஊரில் இருந்தால் பொழுது அதிலேயே போய்விடும். சாலையை அகலப்படுத்துவதால் தூரம் குறையாது.

அலுவலகத்துக்குள் ஒரு கேள்வி சர்வருக்குப் போய்த் திரும்ப அரை மில்லிசெகண்ட் ஆகும். திருநெல்வேலியிலிருந்து விபிஎன் வழியாக 40 மில்லிசெகண்ட் ஆகிறது என்று கொள்வோம். ஒரு பெரிய டிராயிங் திறக்கப் பத்தாயிரம் கேள்வி என்றால், அலுவலகத்தில் காத்திருப்பு ஐந்து வினாடி. உங்கள் வீட்டில் நானூறு வினாடி, அதாவது ஆறு நிமிடம் நாற்பது வினாடி. பத்தாயிரம் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்தான். ஆனால் எக்ஸ்ரெஃப்பும் எழுத்துருவும் நிறைந்த டிராயிங்குக்கு அது மிகையானதல்ல. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவியை ஓடவிட்டு ஒரு டிராயிங்கைத் திறந்தால், ஆட்டோகேட் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரியாக ஓடும். ஐடி தம்பியை ஒருமுறை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டால், பிளான் பற்றிப் பேசமாட்டார்.

இந்த 40 மில்லிசெகண்டைப் பெரிதாகக் குறைக்கவும் முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 1,200-க்கு மேல். அந்தச் சாலையோரமாகவே கேபிள் போட்டிருந்தாலும் 6 மில்லிசெகண்ட் ஆகிவிடும். நடுவில் இணையம் சுற்றிப் போகும் வழி, ஃபயர்வால், விபிஎன் பூட்டித் திறக்கும் வேலை எல்லாம் சேர்ந்து 20, 30, 40 என்று ஏறுகிறது. எந்த நிறுவனத்தின் எந்த பிளானாலும் இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது.

நான் சொல்வதை நம்பி மேனேஜரிடம் போக வேண்டாம். கையில் எண்களோடு போங்கள். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, விபிஎன் போட்ட நிலையில், அலுவலக சர்வரின் பெயருக்கு பிங் (ஒரு சிறு கேள்வி போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை) கொடுங்கள். சராசரி எத்தனை மில்லிசெகண்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெரிய டிராயிங்கை ஆட்டோகேட்டில் திறக்காமல், இசட் டிரைவிலிருந்து டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள், எத்தனை வினாடி? அதன் பிறகு அதே ஃபைலை இசட் டிரைவிலிருந்தே ஆட்டோகேட்டில் திறந்து நேரம் பாருங்கள். நகல் பத்து வினாடியில் வந்து, திறக்க மட்டும் ஏழு நிமிடம் ஆனால் விஷயம் முடிந்தது: உங்கள் வீட்டு இணையம் குற்றவாளி அல்ல.

நகலெடுப்பதே இழுத்துக்கொண்டு போனால் கதை வேறு. அப்போதும் பிளானை மாற்ற ஓடாதீர்கள். முதலில் வீட்டு ரவுட்டருக்கே பிங் கொடுத்துப் பாருங்கள். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியிலிருந்து பதில் வர ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது. அது 5, 80, 12, 150 என்று தாவினால் வைஃபைதான் காரணம். கெட்டியான சுவர்களைத் தாண்டி, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மோதிக்கொண்டு வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலில் விபிஎன் வேலை பார்ப்பது வீண் சிரமம். ரவுட்டரிலிருந்து மேசைவரை ஒரு லான் கேபிள் இழுத்துவிடுங்கள். இந்தப் பதிலில் உங்கள் சொந்தப் பணத்தைச் செலவழிக்க நான் சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். வைஃபையிலும் குறையில்லை, நகல் மட்டும் மெதுவாக வருகிறது என்றால் அலுவலகப் பக்கம் பார்க்க வேண்டும். உங்களுக்கு டவுன்லோடு என்பது அலுவலகத்துக்கு அப்லோடு. அங்கே அப்லோடு வேகம் குறைவாக இருந்து, அதையே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால், உங்கள் வீட்டில் ஆயிரம் எம்பிபிஎஸ் இருந்தாலும் பயனில்லை.

சரி, தீர்வு என்ன? ஃபைலும் அதைத் திறக்கும் ஆட்டோகேட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவில் 600 கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செட்டிங் மாற்றினாலும் அது ஒட்டுப்போடும் வேலை. ஒன்று, ஆட்டோகேட் ஃபைல் இருக்கும் இடத்தில் ஓட வேண்டும். அல்லது ஃபைல் ஆட்டோகேட் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

நான் முதலில் பரிந்துரைப்பது ரிமோட் டெஸ்க்டாப். அலுவலகத்தில் நீங்கள் முன்பு உட்கார்ந்த கணினி இன்னும் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. விபிஎன் போட்டு, அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையுங்கள். ஆட்டோகேட் சென்னையில் ஓடும். சர்வரிடம் அரை மில்லிசெகண்டில் பேசும். டிராயிங் பதினைந்து வினாடியில் திறக்கும். உங்கள் வீட்டுக்கு வருவது திரையின் படம் மட்டும். போவது மவுஸ் அசைவும் கீபோர்டு தட்டலும். இதற்குச் சில எம்பிபிஎஸ் போதும், உங்களிடம் 100 இருக்கிறது. 40 மில்லிசெகண்ட் தாமதத்தில் கிராஸ்ஹேர் (ஆட்டோகேட்டின் கர்சர்) கொஞ்சம் மிதப்பது போலத் தெரியும். 2டி டிராஃப்டிங்குக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். தாமதம் 100 மில்லிசெகண்டுக்கு மேல் போனால்தான் எரிச்சல் வரும். 3டி மாடலைச் சுழற்றும்போது மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உங்கள் நிலையில் இதற்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. வீட்டில் கரண்ட் போனாலும், விபிஎன் அறுந்தாலும், சென்னைக் கணினியில் ஆட்டோகேட் திறந்தபடியே இருக்கும். குழந்தை அழுது நீங்கள் எழுந்து போனால், திரும்பி வந்து அதே கோட்டிலிருந்து தொடரலாம். செய்த வேலை காணாமல் போகும் பயம் பெருமளவு போய்விடும்.

ஆனால் சில விஷயங்களைச் சரியாகச் செய்ய வேண்டும். அலுவலகக் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும். ஹோம் பதிப்புக்குள் இப்படி நுழைய முடியாது. அந்தக் கணினி தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்த வேண்டும். சென்னையில் இரவு கரண்ட் போய் வந்தால், காலையில் யாராவது வந்து பட்டனைத் தட்டும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். கணினியின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்), மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஆன் ஆகும்படி ஒரு ஆப்ஷன் உண்டு. ஐடி தம்பி அதை ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். அந்த இருக்கையில் வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் லாகின் செய்தால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். அந்தக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், ரிமோட் டெஸ்க்டாப் அதைப் பயன்படுத்தும்படி குரூப் பாலிசி என்ற விண்டோஸ் நிர்வாக செட்டிங்கில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் ஜூமும் பேனும் சீராகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (அது உள்ளே வரப் பயன்படுத்தும் வாசல் எண்) வெளி இணையத்துக்கு யாரும் திறந்துவிடக் கூடாது. “விபிஎன் இல்லாம நேரா வந்துருங்க, வேகமா இருக்கும்” என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் தேடிக்கொண்டிருக்கும் வாசல்களில் அதுதான் முன்வரிசை. ஒரு நாள் சோம்பலால் அலுவலகத்தின் மொத்த டிராயிங்கும் பூட்டப்பட்டுவிடும்.

பழைய கணினியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் இரண்டாவது வழி: ஃபைலை உங்களிடம் வரவழைப்பது. அலுவலக சர்வரில் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டரை, அதே உள்ளமைப்போடு, லேப்டாப்பின் டி டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலை தொடங்கும் முன் மாறிய ஃபைல்களை மட்டும் இழுத்துக்கொள்ள விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அதில் எம்டி என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பல ஃபைல்களை ஒரே நேரத்தில் இழுக்கும். ஒன்றுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவை வந்துகொண்டிருப்பதால், தூரத்தின் பாதிப்பு குறைந்துவிடும். மிர்ரர் ஆப்ஷனை மட்டும் தொடாதீர்கள். புறப்படும் இடத்தில் இல்லாத ஃபைலைப் போய்ச்சேரும் இடத்தில் அது அழித்துவிடும். திசை மாற்றிக் கொடுத்துவிட்டால் சக ஊழியர்களின் வேலை போய்விடும்.

இந்த வழியில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. டிராயிங்கை லேப்டாப்புக்குக் கொண்டுவந்துவிட்டோம், இன்னும் ஏன் மெதுவாகவே திறக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எக்ஸ்ரெஃப் பேலட்டைத் திறந்து, ஒரு எக்ஸ்ரெஃப்பைத் தேர்ந்தெடுத்து, கீழே ‘ஃபவுண்ட் அட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே இசட் என்று தொடங்கினால், தாய் டிராயிங் மட்டும்தான் உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. குழந்தைகள் எல்லாம் இன்னும் சென்னையிலிருந்துதான் வருகிறார்கள். எக்ஸ்ரெஃப்பை முழுப் பாதையோடு இணைத்திருப்பதால் வரும் சிக்கல் இது. தாய் டிராயிங் இருக்கும் ஃபோல்டரை வைத்துக் கணக்கிடும் ரிலேட்டிவ் பாதையாக மாற்ற வேண்டும். ஆட்டோகேட் 2018-லிருந்து புதிதாக இணைப்பவை இயல்பாகவே ரிலேட்டிவாகத்தான் இருக்கும். பழைய ப்ராஜெக்டிலிருந்து நகலெடுத்து வந்த டிராயிங்குகளில் முழுப் பாதை ஒட்டிக்கொண்டே இருக்கும். நிறைய டிராயிங் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். ஆட்டோகேட்டோடு வரும் ரெஃபரன்ஸ் மேனேஜரில் மொத்தமாக மாற்றிவிடலாம். எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை: விபிஎன்னைத் துண்டித்துவிட்டு டிராயிங்கைத் திறங்கள். எக்ஸ்ரெஃப், எழுத்துரு எதுவும் காணவில்லை என்று சொல்லாமல் சட்டென்று திறந்தால் சரி.

உள்ளூர் நகலில் வேலை செய்யும்போது ஒரு பாதுகாப்பு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. சர்வரில் ஒருவர் திறந்திருக்கும் டிராயிங்கை இன்னொருவர் திறந்தால் ஆட்டோகேட் எச்சரிக்கும். நகல்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. நீங்கள் இரண்டாம் தளத்தின் பிளானைத் திருத்திக்கொண்டிருக்க, அலுவலகத்தில் ஒருவர் அதையே திருத்தினால், கடைசியில் ஏற்றியவருடையதுதான் மிஞ்சும். எனவே எந்த ஷீட் யாருடையது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் எடுக்கும் டிராயிங்கின் பெயரை டீமின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போடுங்கள். மாலையில் நீங்கள் திருத்திய ஃபைல்களை மட்டும் திருப்பி ஏற்றுங்கள். மற்றவர்களுடைய எக்ஸ்ரெஃப்களை ஒருபோதும் திருப்பி அனுப்பாதீர்கள். பொதுவான கிளவுட் ஃபோல்டரில் போட்டுத் தானாக சிங்க் ஆகட்டும் என்று விட்டுவிடும் யோசனை வரும். ஒரே டிராயிங்கை இருவர் தொடும் டீமுக்கு அது சரிப்படாது. கான்ஃப்ளிக்ட் காப்பி என்று பெயரில் ஒட்டிய ஃபைல்கள் குவிந்து, எது சரியானது என்று தேடவே ஒருவர் தேவைப்படுவார்.

இந்த இரண்டில் ஒன்றுக்கு அலுவலகம் ஒப்புக்கொள்ளும்வரை நாட்களை ஓட்ட வேண்டுமே. அதற்கும் சில காரியங்கள் உண்டு. டிராயிங்கில் இப்போது இல்லாத எக்ஸ்ரெஃப்கள் சிவப்பாக நின்றால் முதலில் அவற்றை டிடாச் செய்து கழற்றிவிடுங்கள். ஒரு ஃபைல் கிடைக்கவில்லை என்றால் ஆட்டோகேட் விட்டுவிடாது. தெரிந்த ஃபோல்டர்களில் எல்லாம் தேடும். பழைய சர்வர் ஒன்றின் பெயர் அந்தப் பாதையில் இருந்தால், இல்லாத கணினியின் பதிலுக்காக ஒவ்வொரு முறையும் பல வினாடி நிற்கும். ஆப்ஷன்ஸில் சப்போர்ட் ஃபைல் தேடும் பாதைகளிலும் இதே கதைதான்: சர்வரில் இருக்கும் எழுத்துரு, பிளாட் ஸ்டைல், டெம்ப்ளேட் ஃபோல்டர்களை லேப்டாப்புக்கு நகலெடுத்து, பாதையை அங்கே திருப்புங்கள். அடிக்கடி மாறாத ஃபைல்கள் அவை. டீஃபால்ட் பிரின்டர் அலுவலக பிளாட்டராக (பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம்) இருந்தால், அதை பிடிஎஃப் பிரின்டராக மாற்றுங்கள். டிராயிங் திறக்கும்போதும் பிளாட் பெட்டி வரும்போதும் ஆட்டோகேட் அந்த பிளாட்டரைத் தேடிக்கொண்டு நிற்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. எக்ஸ்லோட்சிடிஎல் (XLOADCTL) என்ற ஆட்டோகேட் செட்டிங் வேரியபிள் 1 என்றிருந்தால் 2 ஆக்குங்கள். எக்ஸ்ரெஃப்பின் நகல் ஒன்று உங்கள் லேப்டாப்பின் தற்காலிக ஃபோல்டருக்கு வந்துவிடும், அலுவலகத்தில் இருப்பவர்களும் பூட்டுப்படாமல் வேலை செய்யலாம். பயன்படாததை நீக்கும் பர்ஜ், பிழைகளைச் சரிபார்க்கும் ஆடிட் என்ற இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள். மைனஸ் குறியோடு பர்ஜ் கொடுத்து ரெக்ஆப்ஸையும் (மற்ற மென்பொருள்கள் டிராயிங்கில் விட்டுச்செல்லும் பதிவுகள்) நீக்குங்கள். வெவ்வேறு கன்சல்டன்ட்டுகளிடமிருந்து வந்து கைமாறிய டிராயிங்குகளில் இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் செய்தால் அந்த ஏழு நிமிடம் ஓரளவு குறையும். அலுவலகத்தின் பதினைந்து வினாடிக்கு வராது, அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஐடி தம்பியிடம் கேட்க வேண்டியவை தனி. அவர்மேல் குறை சொல்லவில்லை. இணைப்பு மெதுவாக இருந்தால் பிளானைப் பார் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். விபிஎன் டிசிபியில் ஓடுகிறதா, யுடிபியில் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிசிபி என்பது தொலைந்த பாக்கெட்டை (தகவல் துண்டை) மறுபடி அனுப்பும் முறை; யுடிபி அப்படிச் செய்யாது. ஃபைல் பகிர்வு ஏற்கெனவே டிசிபி. அதை இன்னொரு டிசிபிக்குள் அடைத்தால், ஒரு பாக்கெட் தொலைந்ததும் உள்ளேயும் வெளியேயும் இரண்டும் மறுபடி அனுப்பத் தொடங்கி, ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எல் வகை விபிஎன் என்றால், பலவற்றில் டிடிஎல்எஸ் என்ற ஆப்ஷனை இயக்கினாலே யுடிபிக்கு மாறிவிடும். அடுத்து எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. சாதாரண பாக்கெட் 1,500 பைட். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ என்ற லாகின் முறையில் இருந்தால் அதில் 8 பைட் போய்விடும், விபிஎன்னின் உறை இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதியில் அடங்காத பாக்கெட்டுகள் உடைக்கப்படும் அல்லது தொலையும். சின்ன ஃபைல் வருகிறது, பெரிய ஃபைல் தொங்குகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபைல் சர்வர் எந்தக் காலத்துப் பெட்டி என்றும் கேளுங்கள். நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பழைய நாஸ் பெட்டிகள் சில இன்னும் எஸ்எம்பியின் முதல் பதிப்பில்தான் பேசும். வளவளவென்று பேசுவதில் அது பின்னால் வந்த பதிப்புகளைவிட மோசம். 2017-ல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வான்னாக்ரை பரவியதும் அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். வேகத்துக்காக இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்காகவாவது அதை மாற்றியாக வேண்டும். உங்கள் ஜூம் அழைப்பும் யூடியூபும்கூட விபிஎன் வழியாகச் சென்னைக்குப் போய்த்தான் வெளியேறுகின்றன என்றால், அலுவலக வேலையை மட்டும் விபிஎன் வழியே அனுப்பும் ஸ்ப்ளிட் டனலிங் செய்ய முடியுமா என்று கேட்கலாம். கிளையன்ட் ஒப்பந்தத்தில் தடை இருந்தால் வற்புறுத்த வேண்டாம். ஆன்டிவைரஸை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெட்வொர்க் டிரைவில் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அது மறுபடி சோதிக்கிறதா, சர்வரிலேயே சோதனை நடக்கிறது என்பதால் அந்த ஒன்றுக்கு விலக்குத் தர முடியுமா என்பதை ஐடிதான் தீர்மானிக்க வேண்டும்.

மேனேஜருக்கு நீளமாக எழுத வேண்டாம். இப்படி எழுதலாம்: “சார், சர்வருக்கு பிங் சராசரி இத்தனை மில்லிசெகண்ட். டிராயிங்கை நகலெடுக்க இத்தனை வினாடி, விபிஎன் வழியாக ஆட்டோகேட்டில் திறக்க இத்தனை நிமிடம். நகல் வேகமாக வருவதால் வீட்டு இணையத்தில் பிரச்சினை இல்லை. அலுவலகத்தில் உள்ள என் பழைய கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் பயன்படுத்த அனுமதி வேண்டும். ஒரு வாரம் முயன்று பார்க்கலாமா?” செலவில்லாத ஒரு விஷயத்தை ஒரு வாரம் மட்டும் கேட்கிறீர்கள், மறுப்பது கடினம். பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி, ஒரு நெட்வொர்க் கோளாறை யாரும் சரியாகப் பார்க்காததால் வேலையை விட்டுப் போகும் நிலை வரக் கூடாது. அந்த எண்களை ஐடிக்கும் நகல் போட்டு அனுப்புங்கள்.

கடைசியாக ரெவிட். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: டீம் முழுவதும் பகிரும் சென்ட்ரல் மாடலை விபிஎன் வழியாகத் திறக்கக் கூடாது, அதோடு சிங்க் செய்யவும் (உங்கள் மாற்றங்களைச் சேர்க்கவும்) கூடாது. ஆட்டோகேட்டில் தாமதம் என்பது உங்கள் ஒருத்திக்குத்தான். ரெவிட்டில் நீங்கள் சிங்க் செய்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் சிங்க் செய்ய வரிசையில் நிற்பார்கள். பாதியில் விபிஎன் அறுந்தால் சென்ட்ரல் மாடலே பழுதாகி மொத்த டீமும் நிற்க நேரலாம். ரெவிட்டின் லோக்கல் காப்பி உங்கள் லேப்டாப்பில் இருப்பதால் இந்தத் தொந்தரவு தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைப்பார்கள். சிங்க் செய்யும் ஒவ்வொரு முறையும், ஒரு எலிமென்ட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது சென்ட்ரலைத் தேடிப் போகும். ரெவிட்டுக்கும் ரிமோட் டெஸ்க்டாப் ஒத்துவரும். ஆனால் அலுவலகக் கணினியில் ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் போதுமானதாக இருக்க வேண்டும். பல ஊர்களிலிருந்து பலர் சேர்ந்து வேலை செய்யப் போகிறார்கள் என்றால், ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கின் கிளவுட் சேவை (பிம் கொலாபரேட் ப்ரோ என்று அறியப்பட்டது) மூலம் மாடலை கிளவுடில் வைப்பதுதான் முறை. அதற்கு ஆளுக்கொரு சந்தா ஆகும். ப்ராஜெக்ட் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும் என்பதால், மாடல் தொடங்கிய பிறகு கேட்காமல், கிக்-ஆஃப் மீட்டிங்கிலேயே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்.